மூங்கிலாத்துப் பாளையத்து இளைய துரை

ஃப்ரீமான்ட் மௌரி அவென்யூவில் ஒரு இந்திய மளிகைக் கடை. அதன் பின்வாசலில் லாரியிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கித் தள்ளுவண்டியில் அடுக்குகிற ஐம்பத்தைந்து வயது மனிதரைக் காட்டி, இவர் ஒரு ராஜகுடும்பத்துப் பிள்ளை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாததில் தப்பில்லை. இடுப்பில் பட்டை பெல்ட், கடைப் பெயர் போட்ட பச்சை ஏப்ரன், மூட்டைக்கு ஒரு 'அப்பாடா'. இப்படி ஒரு ராஜாவை யார் பார்த்திருக்கிறார்கள்? வெங்கடகிருஷ்ணனும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் தான் மூங்கிலாத்துப் பாளையத்து இளைய துரை என்பதை ஒரு நாள்கூட அவர் மறந்ததும் இல்லை.

ராஜகுடும்பம் என்றதும் யானை, அம்பாரி என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேற்கு மலை அடிவாரத்தில் பதினெட்டுச் சின்ன ஊர்கள் சேர்ந்த ஒரு பாளையம். ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் நிலமெல்லாம் போன பிறகு மிஞ்சியவை மூன்று: மழைக்கு ஒழுகும் ஒரு அரண்மனை, கோயிலில் முதல் மரியாதை, அப்புறம் பட்டங்கள். பட்டங்களும் செல்லாது என்று சர்க்கார் சட்டம் போட்டுவிட்டதுதான். பாளையத்தில் அந்தச் சட்டத்தை யாரும் மதிக்கவில்லை, அவ்வளவே.

அந்தப் பட்டம் பிறந்ததும் வந்துவிடாது. பதினாறு வயது வரை ஆண் பிள்ளைகள் எல்லாருமே வெறும் 'சாமி'. பதினாறு முடிந்து வருகிற தைத் திருவிழாவில், அம்மன் சன்னதியில், தகப்பன் தன் கையால் சிவப்புப் பட்டுத் துணியைத் தலையில் கட்டி, பட்டப் பெயரை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். ஊர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூத்தவனுக்குப் பட்டத்துரை, இரண்டாமவனுக்கு இளைய துரை, அதற்குப் பிறகு எத்தனை பேர் பிறந்தாலும் குமாரதுரைதான். தகப்பன் கண்ணை மூடினால் பட்டத்துரை பெரிய துரை ஆவார். பெண்களுக்கு வேறு கணக்கு. பிறந்த பெண்கள் நாச்சியார். கல்யாணமாகி வாசல் தாண்டும்போது பட்டத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். வருகிற மருமகள்களுக்குத் தாலியோடு சேர்த்து அதுவும் கழுத்தில் ஏறும். புருஷனுக்குப் பட்டம் இருந்தால் அவளுக்கும் உண்டு, இல்லையென்றால் அவளும் வெறும் ஆள்.

பட்டம் கட்ட வேண்டிய பிள்ளை ஊரில் இல்லாவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். அரண்மனைச் சுவரில் மாட்டியிருக்கும் வாளை எடுத்து வந்து, அதன் பிடியில் பட்டைக் கட்டிவிடுவார்கள். வாளுக்குக் கட்டினால் ஆளுக்குக் கட்டியதாகவே அர்த்தம்.

வெங்கடகிருஷ்ணனுக்கு அப்படித்தான் ஆனது. அறுபத்தாறாம் வருஷத்துத் தையில் அவர் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் உடம்பெல்லாம் அம்மை போட்டுப் படுத்திருந்தார். அம்மை போட்டவன் கோயில் வாசலை மிதிக்க முடியாது. திருவிழா முடிந்து இரண்டாம் நாள் அம்மா இளநீரும் வேப்பிலையுமாக வந்து, அவர் நெற்றியில் கை வைத்து, "வாளுக்குக் கட்டியாச்சு கண்ணு. இனிமே நீ இளைய துரை" என்றாள். காய்ச்சலில் அவருக்கு அழுகை வந்தது. அப்பா தன் பெயரைச் சொல்லும்போது எப்படிச் சொன்னார், எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று துருவித் துருவிக் கேட்டார். கோயில் மணி மாதிரி சொன்னார் என்றாள் அம்மா.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மனிதர் நாற்பது வருஷம் ஓட்டினார். மற்றபடி அவருக்கு வாய்த்ததெல்லாம் அரைகுறைதான். பி.காம். இரண்டாம் முயற்சியில் பாஸ். கூட்டுறவு வங்கியில் இருபத்திரண்டு வருஷம் கிளார்க்காகவே இருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேனேஜர் ஆகி அவரையே டீ சொல்லச் சொன்னார்கள். பெண்டாட்டி சாந்தாமணியின் அண்ணன் அமெரிக்காவில் சிட்டிசன். அவர் தங்கைக்காகப் போட்டு வைத்த மனு பன்னிரண்டு வருஷம் கழித்துப் பழுத்து, இரண்டாயிரத்தில் இருவரும் கிரீன் கார்டோடு வந்து இறங்கினார்கள். பிள்ளை குட்டி இல்லை. சர்க்யூட் போர்டு சோதிக்கிற தொழிற்சாலையில் ஒரு வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் தொழிற்சாலையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பார்க்கிங் லாட்டில் காவல், ஒரு மோட்டலில் துணி துவைக்கும் வேலை, கடைசியில் இந்த மளிகைக் கடை.

கடையில் யாராவது எரிந்து விழுந்தால், கொத்தமல்லி வாடிப் போயிருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் அவர் முகத்துக்கு நேராக அந்தக் கீரைக்கட்டை ஆட்டினால், அவர் "ஸாரிம்மா" என்று சொல்லிவிட்டு மனசுக்குள் 'இளைய துரை' என்று ஒரு முறை சொல்லிக்கொள்வார். அது போதும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் இப்படி ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது, இல்லாவிட்டால் காலையில் எழுந்து செருப்பை மாட்டுவதே கஷ்டம்.

சாந்தாமணிக்கு மட்டும் அந்தப் பட்டம் வீட்டுச் சாமான் மாதிரி. "துரை, இன்னிக்குக் குப்பை நாளுங்க. தொட்டியை வெளிய தள்ளுங்க" என்பாள். "துரைக்கு ரசம் போதுமா, குழம்பும் வைக்கோணுமா?" என்பாள். அவள் கேலி செய்கிறாள் என்று அவருக்குத் தெரியும். கேலியாக இருந்தாலும் அந்தச் சொல் காதில் விழுகிறதே என்று உள்ளூர ஒரு சந்தோஷம்.

இரண்டாயிரத்து ஐந்தில் சிட்டிசன்ஷிப்புக்கு மனுப் போடும் காலம் வந்தது. நாகர்கோவில் பக்கத்து மோசஸ் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருப்பவர், சனிக்கிழமைகளில் லைப்ரரியில் உட்கார்ந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுப்பார். சாந்தாமணியின் படிவத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு இவருடையதை எடுத்தார். அதில் வரிசையாகக் கேள்விகள். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தீர்களா, குடிகாரரா, சூதாடினீர்களா, ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் கட்டிக்கொண்டீர்களா.

"எல்லாத்துக்கும் நோ-தான் அங்கிள். நான் டிக் பண்ணிக்கிட்டே போறேன், நீங்க சும்மா கேட்டுக்கிட்டு இருங்க" என்றார் மோசஸ். "வேற எந்த நாட்டுலயாவது உங்களுக்கு ராஜ பரம்பரைப் பட்டம் ஏதாவது இருக்கா? நோ."

"மோசஸ், ஒரு நிமிஷம்" என்றார் வெங்கடகிருஷ்ணன். "அது யெஸ்."

மோசஸ் பேனாவை மேசையில் வைத்தார். விளையாடுகிறாரோ என்று பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "நிஜமாவா அங்கிள்?" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். இந்தியாவில் அதெல்லாம் எப்போதோ போய்விட்டது, நோ போட்டால் பொய்யாகாது. யெஸ் போட்டால் அந்தப் பட்டத்தை வேண்டாம் என்று சத்தியப் பிரமாணத்தின்போது வாயால் சொல்லித் துறக்க வேண்டியிருக்கும். "ஜட்ஜ் முன்னாடி, எல்லார் முன்னாடியும், பட்டத்தோட பேரைச் சொல்லி, இதை விட்டுடறேன்னு சொல்லணும். எதுக்கு இந்த ஹெட்-ஏக்?"

மோசஸ் பயமுறுத்தச் சொன்னது அவருக்குத் தேனாக இனித்தது. ஒரு பெரிய மண்டபம். ஆயிரம் பேர். அதில் அவர் ஒருவர் மட்டும் எழுந்து நிற்கிறார். மூங்கிலாத்துப் பாளையத்து இளைய துரை என்ற பட்டத்தை நான் துறக்கிறேன் என்கிறார். துறந்தால் என்ன? அந்தப் பெயர் ஒரு முறை, இந்த நாட்டில், சபையில், சத்தமாக ஒலிக்கும். அரசாங்கக் காகிதத்தில் ஏறும். இப்படி ஒருவர் இருந்தார், அவருக்கு இப்படி ஒன்று இருந்தது, அதை அவரே விட்டுக்கொடுத்தார் என்று எங்கோ ஒரு பெட்டியில் எழுதி வைத்திருப்பார்கள். அம்மை போட்டுப் படுத்ததால் அவர் காதால் கேட்க முடியாமல் போன பெயரை, இந்த முறை தன் வாயாலேயே சொல்லிக் கேட்கலாம். வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே ஆசை இதுதான் என்று அந்த லைப்ரரி நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

"யெஸ் போடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணி குதித்துவிட்டாள். வழக்கமான கேலி இல்லை, நிஜக் கோபம். "நோ-ன்னு மாத்திப் போடுங்க. மோசஸுக்கு இப்பவே போன் பண்ணுங்க. எதுக்குங்க இல்லாத வம்பு?" என்று விடாமல் சொன்னாள். அவள் இவ்வளவு பிடிவாதம் பிடித்து அவர் பார்த்ததே இல்லை. சிட்டிசன்ஷிப் கெட்டுப்போகும் என்ற பயம்தான் என்று நினைத்துக்கொண்டார். படிவம் தபாலில் போயிற்று.

பிப்ரவரியில் பதில் வந்தது. ஏப்ரலில் இன்டர்வியூ. கூடவே ஒரு காகிதம்: பட்டம் உண்டு என்று சொல்லியிருக்கிறீர்கள், அது என்ன பட்டம், யார், எப்போது, எப்படிக் கொடுத்தார்கள் என்பதற்கு ஏதாவது சான்று கொண்டுவரவும்.

சான்றுக்கு எங்கே போவது என்று அவர் யோசிக்கவே இல்லை. அப்பாவுக்குப் பிறகு பெரிய துரையாக இருப்பவர் அண்ணன் கிட்டுசாமி. அரண்மனை முத்திரை போட்ட பழைய காகிதம் அவரிடம் இன்னும் இருக்கிறது. அதில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைக்குக் கிளம்பும் முன் போன் போட்டார். அங்கே அண்ணன் இரவுச் சாப்பாடு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

விஷயத்தை உற்சாகமாகச் சொல்லி முடித்தார். மறுமுனையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"வெங்கிட்டு, அதுல இல்லைன்னே போட்டுடு."

"இருக்குன்னு போட்டாச்சுங்கண்ணா. இப்ப ஒரு லெட்டர்தான் வேணும். அறுபத்தாறு தையில வாளுக்குக் கட்டினதுன்னு நாலு வரி."

"அப்படி எழுத முடியாதுடா."

"ஏன்?"

"நடக்காததை எழுதி அந்த முத்திரையைக் குத்த என்னால ஆகாது."

பிறகு கிட்டுசாமி சொன்னார். நிறுத்தி நிறுத்தி, பல வருஷம் சுமந்த ஒன்றை இறக்கி வைக்கிற மாதிரி சொன்னார். அம்மா வாளை எடுத்துத் துடைக்கச் சொன்னது உண்மை. தட்டில் சிவப்புப் பட்டை மடித்து வைத்ததும் உண்மை. பூசாரி தட்டை நீட்டினார். அப்பா அதைப் பார்த்தார். "அவனுக்கு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வாள் வெறும் பிடியோடு சுவருக்கே திரும்பிவிட்டது.

"ஏங்கண்ணா?"

"தெரியாதுடா. கேட்க யாருக்குத் தைரியம்? அம்மாகூட கேட்கலை. அன்னிக்கே அவங்கதான் ஊரைக் கூட்டி வெச்சு, என் பிள்ளைகிட்ட யாரும் சொல்லக்கூடாதுன்னு சன்னதியில சத்தியம் வாங்கிட்டாங்க. எல்லாரும் உன்னை அப்படிக் கூப்பிட்டது அதனாலதான். இவ்வளவு நாள் கழிச்சு இப்படி ஒரு காகிதம் வரும்னு யாருக்குத் தெரியும்?"

அம்மா எண்பத்தொன்பதில் போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்னால். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அன்றைக்கு வெங்கடகிருஷ்ணன் கடைக்குப் போனார். மூட்டை இறக்கினார். ஒரு பெண்மணி கடுகு எங்கே என்று கேட்டதற்குச் சீரகம் இருந்த தட்டைக் காட்டினார். வழக்கம்போல மனசுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்ளப் போய், பாதியில் நாக்கு கசந்தது. சாந்தாமணியிடம் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'இளைய துரை' என்று அச்சடித்த பத்திரிகையை வைத்துத்தான் மில் முதலாளி வீட்டுப் பெண்ணை ஒரு வங்கிக் கிளார்க்குக்குக் கொடுத்தார்கள். அவளைச் சின்ன நாச்சியார் என்று சொல்லி அழைத்து வந்தார்கள். அவளுக்குச் செய்த மோசடியில் தானும் ஒரு பங்கு.

இரண்டு மாதம் அவர் வேலை ஒன்றே ஒன்றாக இருந்தது: அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று தேடுவது. எட்டு வயதில் குதிரையிலிருந்து விழுந்து ஊர் பார்க்க அழுதாரே, அதனாலா? வண்டிக்காரர் வீட்டில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்ததை யாரோ போட்டுக் கொடுத்தார்களே, அதனாலா? கணக்கில் முட்டை வாங்கியதாலா? பெரியவர்கள் பேசும்போது குறுக்கே ஒரு முறை சிரித்தாரே? ஃப்ரீவேயில் ஓட்டும்போதும், பருப்புப் பாக்கெட்டுகளில் தேதி பார்க்கும்போதும் தேடினார். ஒவ்வொரு காரணமும் கொஞ்சம் பொருந்தியது, எதுவும் போதவில்லை. காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். ஒரு தகப்பன் பதினாறு வயதுப் பிள்ளையை, பக்கத்தில்கூட இல்லாத பிள்ளையை, மனசில் ஒரு முறை நினைத்துப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு கட்டியிருக்கிறார். அவர் முடிவு சரியாகத்தான் போயிற்று என்று வாழ்ந்த வாழ்க்கை மொத்தமும் சாட்சி சொல்வது போலிருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி இன்டர்வியூ. சாந்தாமணியுடையது முந்தின வாரமே சுலபமாக முடிந்திருந்தது. இன்று துணைக்கு வந்து வெளியில் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. மரியாதையான மனுஷி. வலது கையைத் தூக்கச் சொல்லி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி வாங்கினார். சுதந்திர தினம் எப்போது, கொடியில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இவர் சரியாகச் சொன்னார். பிறகு அதிகாரி படிவத்தைப் புரட்டி அந்தக் கேள்விக்கு வந்தார்.

"இதற்கு ஆமாம் என்று போட்டிருக்கிறீர்கள். சான்று கொண்டுவந்திருக்கிறீர்களா?"

விடாமல் சாதித்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. காகிதம் தொலைந்துவிட்டது, ஆனால் பட்டம் உண்டு என்று சொல்லலாம். இந்த அம்மாள் மூங்கிலாத்துக்கு வந்து விசாரிக்கப் போகிறாரா? அந்த மண்டபம், அந்த ஆயிரம் பேர், எல்லாம் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்த சூடு இன்னும் ஆறவில்லை. தவிர, தன்னிடம் இல்லாததை எழுந்து நின்று துறப்பவனைவிடக் கேவலமானவன் யார்?

"தப்பாகப் போட்டுவிட்டேன்" என்றார்.

"அப்படியானால் உங்களுக்கு எந்தப் பட்டமும் இல்லை?"

"இல்லை."

"எப்போதாவது இருந்ததா?"

"இல்லை. எப்போதும் இல்லை."

அந்த அம்மாள் சிவப்புப் பேனாவை எடுத்து, ஆமாம் என்ற கட்டத்தை அடித்து, இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டார். அடுத்த கேள்வி, மனநலம் பற்றியது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசியில் எழுந்து கை கொடுத்து, "வாழ்த்துகள், பாஸாகிவிட்டீர்கள்" என்றார். பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

காருக்கு வந்தார்கள். சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"பாஸுங்களா?" என்றாள் சாந்தாமணி.

"பாஸ்."

"அந்தக் கேள்வி?"

"இல்லைன்னு சொல்லிட்டேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த கான்க்ரீட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு முன் அந்தக் குதி குதித்தவள், இப்போது ஜெயித்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவருக்கு உறைத்தது. இனிமேலும் மறைத்து என்ன ஆகப் போகிறது என்று, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் சொன்னது, அப்பா சொன்னது, தட்டு, பட்டு, எல்லாம். "உங்க வீட்டை ஏமாத்தித்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன் சாந்தா. எனக்கே தெரியாம ஏமாத்தியிருக்கேன்" என்றார். அழக்கூடாது என்று இருந்தவர் அழுதுவிட்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு, "எங்களை யாரும் ஏமாத்தலீங்க" என்றாள்.

"என்ன?"

"நிச்சயத்துக்கு முன்னாடியே உங்க அண்ணன் வந்து எங்க அப்பாகிட்டச் சொல்லிட்டாரு. பொண்ணு எடுக்கிற இடத்துல பொய் ஆகாதுன்னு. அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. எனக்குப் பட்டமெல்லாம் பெருசில்லை, பையன் சாதுவா இருக்கான்னு நான்தான் சரின்னேன். உங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத கண்ணுன்னாங்க."

அவர் கண்ணைத் துடைக்கவும் மறந்து அவளையே பார்த்தார். இருபத்தெட்டு வருஷம். குப்பைத் தொட்டிக்கு ஒரு துரை, ரசத்துக்கு ஒரு துரை.

"அப்புறம் ஏன் என்னைத் தினமும் துரை துரைன்னு கூப்பிட்டே?"

"கூப்பிட்டா உங்க முகம் மலருங்க" என்றாள். "அதுக்குத்தான்."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. பூசாரி, அண்ணன், மாமனார், அரண்மனை வேலைக்காரர்கள், தெருவில் துண்டை இறக்கிக் கும்பிட்ட ஒவ்வொரு கிழவனும் ஒவ்வொருவராக நினைவில் வந்தார்கள். அத்தனை பேரும் தெரிந்தே, குழந்தைக்குச் சோறூட்டுகிறவர்கள் போல, அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருஷமாக அதை உண்மை என்று நம்பியிருந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். சற்று முன் அவரும் எப்போதும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.